மேடைக்கு மொழி தந்த ஆசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளால் நினைக்கத் தக்கது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டில் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். அவ்வாண்டையொட்டியே, தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் அவ்வேலையை உதறிவிட்டு, ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவொன்றில் போய்ச் சேர்ந்தார்.

முதல் நிகழ்ச்சி, கற்றோர் படித்து இன்புறத் தக்க நாடகத்தைத் தந்தது. இரண்டாவது, கல்வியும் உத்தியோகமும் உடையோர் ஆர்வத்தால் நடிக்கும் நாடகத்தை வளர்த்தது. மூன்றாவது, வயிற்றுப்பாட்டுக்காக மேடையேறியவர்களின் நாடகத்துக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது. முதலிரண்டுக்கும் இலக்கிய வரலாற்று நூல்கள் தக்க இடம் அளித்துள்ளன. மூன்றாமவர்க்கு நாடகம் என்னும் தலைப்பின்கீழ்ச் சில வரிகள் கிடைத்தன. கவிஞர் வரிசையில் அவர் பெயரைத் தேடிக் காண்பது அரிது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்று மேடையுலகம் கைகூப்பி அழைக்கும் அப்பெருமகனாரின் வாழ்வை, அவர் ஒரு கவிஞர் என்னும் நினைவோடு நோக்குவது இன்றியமையாதது.

இளமையும் கல்வியும்

தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். பிள்ளைக்கு முதல் ஆசிரியரும் அவரே. கம்பனின் சந்தங்கள் இளஞ்செவியில் விழுந்த வீடு அது. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் பயிலும் பேறு வாய்த்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடன் பயின்றவர். வெண்பாவும் விருத்தமும் வண்ணமும் நினைத்த மாத்திரத்தில் வரும் பயிற்சி அங்கே கிட்டியது. திருக்குறளும் நாலடியாரும் நெஞ்சில் நிலைத்தன.

இத்தகைய புலமை பெற்ற ஒருவர் அக்காலத்தில் செல்லத்தக்க வழிகள் சிலவே. மடத்தைச் சார்ந்து வாழலாம். செல்வர் ஒருவரைப் பாடிப் பரிசில் பெறலாம். பள்ளியில் தமிழாசிரியராக அமரலாம். அவரோ கணக்கு வேலையில் அமர்ந்து, அதையும் விட்டு நாடகத்தைத் தேர்ந்தார். நாடகக்காரன் என்றால் வாடகைக்கு வீடு தரவும் தயங்கிய காலம் அது. கற்ற தமிழை அத்தகைய இடத்துக்கு எடுத்துச் செல்லும் துணிவே அவர் வாழ்வின் முதல் திருப்பம்.

நடிகராய் நின்ற காலம்

இராமுடையார், கல்யாணராமையர் ஆகியோரின் நாடகக் குழுவில் அவர் நடிகராகவும் ஆசிரியராகவும் பணி தொடங்கினார். உயர்ந்த உருவமும் கம்பீரமான குரலும் வாய்த்தமையால் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவரைத் தேடி வந்தன. அவர் மேடையில் தோன்றும்போது அவையில் அச்சம் பரவும் என்பர்.

அந்த அச்சமே அவர் நடிப்பை நிறுத்தியது என்பது மேடையுலகம் வழிவழியாகச் சொல்லும் செய்தி. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்த அவர் கோலத்தைக் கண்டு அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தி கருவிழந்தாள் என்பர். நளதமயந்தியில் சனீசுவரனாக நடித்து முடித்து, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும் ஒரு செய்தி உண்டு. செவிவழிச் செய்திகள் சொல்வார்தோறும் மாறுபடுவது இயல்பு. ஆயினும் புகழின் உச்சியில் இருந்த நடிகர் ஒருவர் வேடம் புனைவதைக் கைவிட்டு, எழுதுவதையும் பயிற்றுவதையும் தம் தொழிலாகக் கொண்டார் என்பது உறுதி. சாமி நாயுடு குழுவில் ஆசிரியப் பொறுப்போடு சூத்திரதாரராக மட்டும் தோன்றி வந்தார். தம் நடிப்பு பிறர்க்குத் துன்பம் விளைத்தது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதற்கு, அடுத்து வந்த துறவே சான்று.

துறவும் தாளமும்

அவர் திடீரென்று நாடகத்தை விட்டு நீங்கினார்; தலங்கள்தோறும் யாத்திரை மேற்கொண்டார். சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் பெயர் அக்காலத்தில் வழங்கத் தொடங்கி, அவர் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. திருமணம் செய்துகொள்ளாத அவருக்குச் சொந்தமென்று வீடோ பொருளோ பிற்காலத்திலும் இருந்ததில்லை.

அலைந்த துறவியைப் புதுக்கோட்டை தடுத்து நிறுத்தியது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்து, லய உலகில் தனி மரபையே தோற்றுவித்த மான்பூண்டியா பிள்ளை அங்கே வாழ்ந்து வந்தார். சுவாமிகளின் புலமையைக் கண்ட பிள்ளையவர்கள் அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். கவிஞர் ஒருவர் தாளமேதை ஒருவரின் இல்லத்தில் வளர்ப்பு மகனாக இருந்த அக்காலம் அவர்தம் பாடல்களின் அமைப்பை அறிய முயல்வோர்க்கு முதன்மையானது. பழனியில் பெற்றது எழுத்தெண்ணும் யாப்பு. புதுக்கோட்டையில் பெற்றது காலம் எண்ணும் தாளம். இரண்டும் ஒருவரிடம் கலந்தமையால், ஏட்டில் எளிய வரியாகத் தோன்றுவதும் மேடையில் பாடப்படும்போது நுட்பமான நடையாக விரிகிறது. அவர் பாடல்களைப் படித்து மட்டும் மதிப்பிடுவோர் பாதியையே காண்கின்றனர்.

மீண்டும் நாடகத்துக்குச் செல்லுமாறு தூண்டியவரும் மான்பூண்டியா பிள்ளையே. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர், பி.எஸ். வேலு நாயர் ஆகியோரின் குழுக்களில் சுவாமிகள் அடுத்தடுத்து ஆசிரியராக விளங்கினார்.

ஆசிரியர் செய்த பணி

இன்று நாடகத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் இயக்குநர் என்ற ஒருவர் உள்ளார். அன்றைய குழுக்களில் அப்பொறுப்பு முழுவதும் வாத்தியார் என அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் தோளில் இருந்தது. கதையைத் தேர்வது, பாட்டும் வசனமும் எழுதுவது, குரலுக்கும் உருவுக்கும் ஏற்ப வேடம் பகிர்வது, ஒவ்வொரு நடிகருக்கும் பாடம் சொல்லி மனப்பாடம் செய்விப்பது, ஒத்திகை பார்ப்பது, மேடையில் நிற்கும் முறையும் நடக்கும் முறையும் கற்பிப்பது எனப் பணி விரியும். ஒலிபெருக்கி இல்லாத மேடை அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே எந்த எழுத்து எந்தச் சுருதியில் தெளிவாக ஒலிக்கும் என்பதையும் எழுதுபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

சுவாமிகள் வந்தபோது மேடையில் இருந்த நிலையை எண்ணினால் அவர் பணியின் அருமை புலப்படும். கதைப்போக்கு மட்டும் அனைவர்க்கும் தெரியும். பேசுவது அவரவர் விருப்பம். ஒரு நடிகரை மற்றொரு நடிகர் மடக்குவதும், தெரிந்த பாட்டையெல்லாம் பொருத்தமின்றிப் பாடுவதும், ஒன்ஸ்மோர் என்ற குரலுக்காகக் கதையை நிறுத்துவதும் வழக்கமாயிருந்தன. இதற்கு எல்லை வகுக்கும் எழுத்து நாடகங்களை அவர் படைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், சிறுத்தொண்டர், இலவகுசா, சதி அனுசூயா, சுலோசனா சதி, அபிமன்யு சுந்தரி என அவர் எழுதியவை நாற்பதுக்குக் குறையா. பாமரர் கூடும் அவையில் குறளும் நாலடியும் வசனத்தின் ஊடே இயல்பாக வந்து போயின. பள்ளி செல்லாத பல்லாயிரவர் அறநூல்களை முதன்முதலில் கேட்டது அவர் நாடகத்தில்தான் என்று சொன்னால் அது மிகையன்று.

அவர் புலமையின் கூர்மைக்கு மேடையுலகம் விரும்பிச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. கோவலன் நாடகத்தில், மதுரைக்குப் போக வேண்டாவெனக் கண்ணகி கணவனைத் தடுத்துப் பாடுமிடத்தில், அந்நகரில் வாழ்வோரைப் பெரும்பாவிகள் எனச் சுட்டும் சொல் வந்தது. மதுரையிலேயே அது பாடப்பட்டபோது அவையினர் வெகுண்டனர். சுவாமிகள் அமைதியாக முன்வந்து, அச்சொல்லை ஓரோர் எழுத்தாகப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் கூடி வாழும் நகர் என்று பொருள் விரித்தார்; வெகுண்டவர்களே ஆரவாரம் செய்தனர் என்பர். சிலேடைத் திறம் என்று இதனைப் பாராட்டி நின்றுவிடலாம். ஆனால் இதில் வேறொன்றும் உள்ளது. பாத்திரத்தின் உணர்ச்சிக்குரிய கடுஞ்சொல்லை அவர் மாற்றவில்லை. கண்ணகியின் அச்சத்தையும் ஊராரின் பெருமையையும் ஒரே சொல்லால் காத்தார்.

வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தருக்கம் அவர் படைப்பின் மற்றொரு சிறப்பு. தினைப்புனம் காக்கும் பெண், வந்தவன் தெய்வமென்று அறியாமல் சொல்லுக்குச் சொல் மறுமொழி கூறுகிறாள். சாவித்திரி எமனோடு வழக்காடுகிறாள். அல்லியும் பவளக்கொடியும் ஆட்சி செய்யும் அரசிகள். அவர் கதைகளில் கற்பு நெறியே பெண்ணுக்கு இறுதி எல்லை என்பது உண்மை. அவ்வகையில் அவர் தம் காலத்தவரே. எனினும் அந்த எல்லைக்குள் அவர் பெண்பாத்திரங்களுக்கு வாதிடும் நாவை வழங்கினார். தொடக்கத்தில் அதனை ஆண்களும் சிறுவர்களும் பெண் வேடமிட்டுப் பேசினர். பின்னர்ப் பெண்களே அம்மேடைக்கு வந்தபோது, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர்க்கு அத்தருக்கம் ஆயத்தமாகக் காத்திருந்தது.

சிறுவர் சபைகள்

வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது கடினம் எனச் சுவாமிகள் அனுபவத்தில் உணர்ந்தார். குடியும் பூசலும், நாடகத்தன்று வராமல் போவதும் குழுக்களைச் சிதைத்தன. சிறுவர்களைச் சேர்த்துக் குருகுலம் போல் வளர்த்துப் பயிற்றும் முறையை அவர் மேற்கொண்டார். 1910ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே அமைத்தார். பிற்காலத்தில் தமிழகத்தையே தம் குரலால் ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவர்தம் உடன்பிறந்தாரும் அங்கே அவரிடம் பயின்றனர். மதுரை மாரியப்ப சுவாமிகளும் அவர் மாணவரே. பின்னர் ஜெகந்நாதையர் நடத்திய சிறுவர் குழுவிலும் சுவாமிகள் ஆசிரியராயிருந்தார்.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு தோன்றியது. நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் புதல்வர்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அதில் சேர்ந்தனர். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடு பின்னர் அறிந்தது இவர்களைத்தான்.

இம்முறையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஆறும் ஏழும் வயதான பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து, இரவெல்லாம் நடித்து, பகலில் பாடம் கேட்டனர். பள்ளிக் கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. கண்டிப்பு கடுமையானது, சுவாமிகளின் சினத்துக்கு மாணவர் அஞ்சி நடுங்கினர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் மகரக்கட்டு வந்துவிட்டால் பாடிப் புகழ்பெற்ற சிறுவன் ஒரே நாளில் பின்வரிசைக்குப் போவான். அவ்வாறு மறைந்தவர்களின் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை. ஆயினும் அச்சிறுவர்கள் பெற்ற தமிழ், பள்ளி சென்ற பலர்க்கு வாய்க்காத ஒன்று. யாப்பின் ஓசையும் சொல்லின் அழுத்தமும் அறநூற் கருத்தும் அவர்களின் நாவில் ஏறின. அவர்களுட் பலர் பின்னாளில் திரைப்படம் பேசத் தொடங்கியபோது, தெளிந்த தமிழை அங்கே எடுத்துச் சென்றனர்.

ஓர் இரவில் ஒரு நாடகம்

சண்முகத்தின் திறத்தைக் கண்ட சுவாமிகள், அச்சிறுவன் முதன்மை வேடம் தாங்குவதற்கென்றே ஒரு நாடகம் எழுத எண்ணினார். ஓர் இரவில் விளக்கின்முன் அமர்ந்தார். விடிவதற்குள் அபிமன்யு சுந்தரி முழுவதும் எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடக்கத்தக்க நாடகம். பாடல்களும் உரையாடல்களும் அனைத்தும் அதில் அடக்கம். அடித்தல் திருத்தல் ஏதுமின்றி அது அமைந்திருந்ததைச் சண்முகம் பிற்காலத்தில் வியந்து பதிவு செய்துள்ளார்.

விரைவைக் கண்டு வியப்பது எளிது. அதனினும் எண்ணத்தக்கது, அந்நாடகம் எழுந்த காரணம். புலவர் பலர் புரவலர்க்காகப் பாடினர். சிலர் புகழுக்காகப் பாடினர். இவரோ ஒரு சிறுவனின் குரலுக்காகவும் அவன் எட்டக்கூடிய சுருதிக்காகவும், அவன் உயரத்துக்குப் பொருந்தும் வீரத்துக்காகவும் பாடினார். பாத்திரமும் நடிகனும் ஒருங்கே அவர் மனத்தில் தோன்றின. இயக்குநரும் கவிஞரும் ஒருவரேயாக இருப்பதன் பயன் இதுவே.

சொல்லிழந்த காலம்

1921ஆம் ஆண்டு குழு சென்னையில் நாடகம் நடத்திக் கொண்டிருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நூற்றுக்கணக்கானோர்க்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் தாம் பேச முடியாதவரானார். செல்லத் தமக்கென ஒரு வீடில்லை, குழுவே குடும்பம். ஆகவே பிள்ளைகளோடு அவரும் ஊர் ஊராகச் சென்றார். மேடையில் அவர் சொற்கள் நாள்தோறும் ஒலித்தன. பிழை நேர்ந்தால் திருத்த அவர்க்கு நாவில்லை. புதிதாக எழுதக் கையில்லை. தம் படைப்பு தம்மை விட்டுப் பிரிந்து பிறர் உடைமையாகி நிற்பதை உயிரோடிருந்து காணும் நிலை எக்கவிஞர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று, வாய்க்கவும் வேண்டா.

1922ஆம் ஆண்டு குழு புதுவையில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் அங்கே மறைந்தார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவரை மகனாக ஏற்ற மான்பூண்டியா பிள்ளை மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

எஞ்சியவை

சுவாமிகளின் மாணவர்கள் 1925ஆம் ஆண்டு தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். ஔவையாராக நடித்து அப்பெயராலேயே வழங்கப்பெற்ற டி.கே. சண்முகம், 1973ஆம் ஆண்டில் மறையும்வரை ஆசிரியர் பெயரை மேடைதோறும் எடுத்துரைத்தார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்னும் பெயர் சுவாமிகளுக்கு நிலைத்ததில் அவர் பங்கு பெரிது. மதுரைத் தமுக்கத்தில் சிலை நிற்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் ஆண்டுதோறும் அவர்க்குக் குருபூசை செய்கின்றனர். கோயில் விழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது.

ஆயினும் அவர் எழுதியவற்றுள் பல அச்சேறவில்லை, பல மறைந்துவிட்டன. அச்சேறியவற்றிலும் மலிவுப் பதிப்புகளின் பிழைகள் மலிந்துள்ளன. எது அவர் எழுதியது, எது பின்வந்த நடிகர் சேர்த்தது என்பதைப் பிரித்தறியும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை. பாடலைத் தாளில் காப்பதைவிட மாணவரின் நினைவில் காப்பதை அவர் நம்பினார். மாணவர் மறைய மறைய அந்த ஏடுகளும் மறைகின்றன. அவரிடம் நேரிற் பயின்றவர் இன்று எவருமிலர். அவர்களிடம் கேட்டவர்களும், அவர்கள்வழிப் பாடம் பெற்ற முதிய நடிகர்களும் ஹார்மோனியக் கலைஞர்களும் இன்னும் உள்ளனர். ஒரு பாட்டுக்குரிய மெட்டும் தாளமும், ஒரு சொல்லின் சரியான பாடமும் அவர்கள் நினைவில் உள்ளன.

சங்க நூல்களைச் சுவடிதோறும் தேடித் தொகுத்த உழைப்பின் பயனை இன்று தமிழுலகம் நுகர்கிறது. சுவாமிகளின் பாடல்களுக்கும் அவ்வுழைப்பு தேவை. ஏடுகளோடு குரல்களையும் ஒப்புநோக்கிச் செம்பதிப்பு ஒன்று உருவாதல் வேண்டும். அது கைக்கு வரும் நாளில், அவர்க்குரிய இருக்கை நாடகப் பிரிவின் ஓரத்திலா, கவிஞர்களின் நடுவிலா என்பதைத் தமிழ்க் கவிஞர்களே படித்துத் தீர்மானிக்கலாம்.